கோடியக்கரைக்குக் கிழக்கே

ஏப்ரல் கடைசியில் தேவிப்ரியாவின் காறை எலும்பு முறிந்தது. முறித்தது பாய்மரப் படகின் பாய்க்கட்டையான பூம். ஆனால் அன்றைக்குச் சுக்கானைப் பிடித்திருந்தவள் சுடர்விழி. அதனால் முறித்தவள் தான்தான் என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

படகின் பெயர் கொண்டல். முப்பத்து நான்கு அடி நீளமுள்ள பந்தயப் படகு. பதினான்கு வருஷம் சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிளெஸ்ஸி, அதைக் கொச்சியில் பழசாக வாங்கி, குமரியைச் சுற்றி இலங்கைக்கு வெளியாகவே ஓட்டிக்கொண்டு வந்து ஜெகதாப்பட்டினத்துக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தாள். கரையில் கட்ட முடியாது. அங்கே கடல் முழங்கால் ஆழத்திலேயே வெகுதூரம் போகும். கொண்டலுக்கோ ஆறடித் தண்ணீராவது வேண்டும். படகில் ஏற வேண்டுமென்றால் கரையிலிருந்து ஃபைபர் படகில் அரை மணி நேரம் போக வேண்டும்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்குப் பந்தயம். கொண்டலில் நான்கு பேர். கேப்டன் பிளெஸ்ஸி. முன்தள வேலைக்கு ஆனந்தராஜ்; ஜெகதாப்பட்டினத்து மீனவர், அந்தக் கடலை உள்ளங்கைபோல அறிந்தவர். பெரிய பாய்க்குத் தேவிப்ரியா; திருக்கோகர்ணத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், ஒரு காலத்தில் மாநில அணியில் கபடி ஆடியவள். சுக்கானுக்குச் சுடர்விழி. இருபத்தாறு வயது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டு நடுவில் வளர்ந்தவள், கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் முதல்முதலாகக் கடலைப் பார்த்தாள். பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறெதுவும் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் நடந்தது இதுதான். காற்று பின்னாலிருந்து வீசிக்கொண்டிருந்தது. அப்படி வீசும்போது பெரிய பாய் ஒரு பக்கமாக முழுக்க விரிந்து நிற்கும். அதன் அடியைத் தாங்கும் நீளமான அலுமினியக் கட்டைதான் பூம். படகு கொஞ்சம் திசை தவறிக் காற்று பாயின் மறுபுறத்தில் ஏறிவிட்டால், அந்தக் கட்டை ஒரே வீச்சில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வந்துவிடும். வேண்டுமென்று, கயிற்றை இழுத்து அடக்கிச் செய்தால் அதற்கு ஜைப் என்று பெயர். தானாக நடந்தால் விபத்து. சுடர்விழி ஒரு நொடி மீட்டரில் காற்றின் வேகத்தைப் பார்த்தாள். அந்த நொடியில் ஓர் அலை படகின் பின்புறத்தைத் தள்ளியது. கயிற்றைச் சரிசெய்ய எழுந்து நின்ற தேவிப்ரியாவின் தோளில் பூம் அடித்தது. அரை அடி மேலே பட்டிருந்தால் தலை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், "பரவாயில்ல சுடர், விளையாட்டுன்னா இருக்கிறதுதான்" என்று தேவிப்ரியா சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

ஆகஸ்ட் பதினைந்து கழிந்ததும் நால்வரும் படகில் குடியேறினார்கள். பன்னிரண்டு நாள் கடலிலேயே பயிற்சி. மூன்று மணி நேரம் வேலை, மூன்று மணி நேரம் ஓய்வு. பகலானாலும் இரவானாலும் அதே கணக்கு. ஒரு முறைக்கு இரண்டு பேர். பிளெஸ்ஸி பட்டியலை எழுதிக் கேபின் சுவரில் ஒட்டினாள். சுடர்விழிக்கு ஜோடி தேவிப்ரியா.

"அக்கா, நான் ஆனந்தண்ணனோட இருக்கட்டுமா?" என்று சுடர்விழி தனியாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அவரு என்கூட இருக்கட்டும்" என்றாள் பிளெஸ்ஸி. அத்தோடு பேச்சு முடிந்தது.

படகு எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடியது. சாய்ந்த பக்கத்துப் படுக்கையில் படுத்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளலாம். மறுபக்கத்தில் படுத்தால் உருண்டு விழாமலிருக்கத் துணியைத் தொட்டில்போல இழுத்துக் கட்ட வேண்டும். அடுப்பு கொக்கியில் தொங்கி ஆடும். குக்கரை அதோடு சேர்த்துக் கட்டித்தான் சோறு பொங்குவார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் நல்ல தண்ணீர். குளியல் உப்புத் தண்ணீரில். நான்காம் நாளிலேயே துணிகள் காயாமல் பிசுபிசுத்தன. விரலிடுக்குகள் உப்பில் வெடித்தன. கேபினுக்குள் இறங்கினாலே சுடர்விழிக்குக் குமட்டும். ஒரு துண்டு இஞ்சியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, வாந்தி வந்தால் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு மறுபடி சுக்கானுக்கு வந்துவிடுவாள். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவளும்தான்.

பயிற்சி என்றால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது. பெரிய பாயைப் பாதியாகச் சுருக்க முதல் நாள் ஏழு நிமிஷம் ஆயிற்று. எட்டாம் நாள் இரண்டே முக்கால். பிளெஸ்ஸி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பழைய கேனைக் கடலில் வீசிவிட்டு, "ஆள் விழுந்தாச்சு!" என்று கத்துவாள். படகைத் திருப்பிக் கேனைத் தூக்கி உள்ளே போடும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது. சோறு தட்டில் ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் பெரும்பாலும் கேனை வீசுவாள்.

எல்லாவற்றிலும் சுடர்விழி தேறினாள், ஒன்றைத் தவிர. ஜைப் செய்ய வேண்டிய இடம் வந்தால் எப்படியோ சுக்கான் ஆனந்தராஜ் கைக்குப் போய்விடும். அவர் தூங்கினால், சுடர்விழி படகை எதிர்ப்பக்கம் திருப்பி, காற்றுக்கு முகம் கொடுத்து, ஒரு முழுவட்டம் போட்டு வருவாள். அதில் பூம் வேகமாக அடிக்காது. ஆபத்தில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான்கைந்து நிமிஷம் வீண்.

பத்தாம் நாள் காலை பிளெஸ்ஸி டீயோடு அவளருகே வந்து உட்கார்ந்தாள்.

"பத்து நாளா பாக்குறேன் சுடர். ஒரு ஜைப்கூட நீ பண்ணல."

"பண்ணிருவேன்க்கா."

"சென்னை போற வரைக்கும் காத்து முதுகுலதான் அடிக்கும். இருபது ஜைப்பாச்சும் வரும். ஒவ்வொண்ணுக்கும் வட்டம் போட்டோம்னா நம்ம பாட்டுக்குக் கடைசியா போய்ச் சேர வேண்டியதுதான்." பிளெஸ்ஸி குரலை உயர்த்தவில்லை. "ஒனக்கு முடியலைன்னா இப்பவே சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன். வேற ஆள் பாக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

சுடர்விழி சுக்கானிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேற ஆள் பாக்க வேணாம்" என்றாள்.

பந்தயக் குழு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. போட்டிக்கு வரும் ஒவ்வொரு படகும் அதே ஆட்களோடு, எங்கும் நிற்காமல், எஞ்சினைப் போடாமல், நூற்றைம்பது கடல் மைல் ஓடிக் காட்ட வேண்டும். ஒரு நிமிஷம் எஞ்சினில் ஓடினாலும் அது செல்லாது. மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். விண்ணப்பத்தோடு அந்த ஓட்டத்தின் பதிவை அனுப்பக் கடைசி நாள் திங்கட்கிழமை. பன்னிரண்டாம் நாளான வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குக் கொண்டல் நங்கூரத்தைத் தூக்கியது. கோடியக்கரையைச் சுற்றி நாகப்பட்டினம் வரை போய், கரையைத் தொடாமல் திரும்பி வர வேண்டும். சரியாக நூற்றைம்பது மைல். இந்தத் தடவை தவறினால் இன்னொரு தடவை ஓட நாளில்லை.

தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து நன்றாகவே தள்ளியது. பத்தரை மணிக்கு முன்பாயின் தையல் கிழிந்தது. முதலில் ஒரு சாண். ஆனந்தராஜ் முன்னால் தவழ்ந்து போய்ச் சேர்வதற்குள் ஓர் ஆள் நீளம். அவர் பாயை இறக்கிச் சுருட்டிக் கேபினுக்குள் தள்ளினார்.

"தச்சுப்புடலாம். மூணு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, தடித்த ஊசியோடு கேபின் தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தைய இரவு இரண்டு மணியிலிருந்து விழித்திருந்த பிளெஸ்ஸி படுக்கப் போனாள். பெரிய பாய் மட்டும் போட்டுக்கொண்டு படகு கிழக்கே ஓடியது. மேலே சுக்கானில் சுடர்விழி, பாய்க்கயிற்றில் தேவிப்ரியா. இருவரின் இடுப்பு வாரும் படகோடு கொக்கி போட்டிருந்தது.

பகல் ஒரு மணிக்குக் கோடியக்கரைக் கலங்கரை விளக்கம் இடது பக்கம் தூரத்தில் தெரிந்தது. அங்கே இடது பக்கம் வடக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் காற்று மாறியது. தென்மேற்கிலிருந்து வீசியது நேர் மேற்காகச் சுழன்று, வலுத்தும் விட்டது. மணிக்கு இருபத்திரண்டு கடல் மைல் இருந்தது, இருபத்தேழானது. அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழுந்தன. பாய் தானாகப் புரளாமலிருக்க வேண்டுமானால் சுடர்விழி படகின் முகத்தை வலப்பக்கமாக, தென்கிழக்கு நோக்கி ஒடிக்க வேண்டியிருந்தது. ஒடித்தாள். திரையில் இருந்த வரைபடத்தில் இலங்கை எல்லைக்கோடு படகுக்கு நேராக வந்து நின்றது.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

"நாலு மைல். வேகம் ஏழு."

கோட்டுக்கு அந்தப் பக்கம் போன மீன்படகுகளுக்கு என்ன நடக்கும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பந்தயப் படகென்று எழுதி ஒட்டியிருந்தால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள்.

சுடர்விழி வழக்கம்போல வலப்பக்கம் வட்டம் போட்டுப் பார்த்தாள். படகு காற்றை நோக்கித் திரும்பியது. முதல் அலையில் மூக்கை மோதியது. இரண்டாவது அலையில் அப்படியே நின்றுவிட்டது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. முன்பாய் இல்லாமல் அந்த அலையைத் தாண்டித் திரும்பப் படகுக்கு வலுவில்லை. மெல்லப் பின்வாங்கி, பழைய திசைக்கே வந்து விழுந்தது. அதற்குள் காற்று அதைக் கோட்டை நோக்கி இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தது.

படபடப்புச் சத்தத்தில் பிளெஸ்ஸி எழுந்து மேலே வந்தாள். கடலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். விளக்கம் கேட்கவில்லை.

"அக்கா, நீங்க பிடிங்க" என்று சுடர்விழி சுக்கானை விட்டு எழப்போனாள்.

"உக்காரு. நான் தூங்குறப்ப பந்தயத்துல இப்படி வந்தா என்ன செய்வே?" பிளெஸ்ஸி எஞ்சின் சாவி இருந்த பக்கம் போய் உட்கார்ந்தாள். "கோடு மூணே கால் மைல்ல இருக்கு. ஒரு மைல் வந்துச்சுன்னா எஞ்சினைப் போட்டுருவேன். பந்தயம் போனாலும் போகட்டும். எல்லை தாண்ட விடமாட்டேன். அதுவரைக்கும் சாவியத் தொட மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க."

சுடர்விழி தேவிப்ரியாவைப் பார்த்தாள். நான்கு மாதத்தில் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் இழுக்குறேன்" என்றாள் தேவிப்ரியா. "நீ சொல்லு, எப்பன்னு."

செய்ய வேண்டியது இருவருக்கும் மனப்பாடம். முதலில் தேவிப்ரியா கயிறிழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றிச் சுற்றி, விரிந்து நிற்கும் பாயைப் படகின் நடுவுக்கு இழுத்து வர வேண்டும். பூம் நடுவில் நின்றால் அது வீசுவதற்குத் தூரமிருக்காது. அந்த நேரத்தில் சுக்கான் திரும்ப வேண்டும். காற்று பாயின் மறுபுறம் ஏறியதும் கயிற்றை மளமளவென்று விட வேண்டும். விடத் தாமதமானால் படகு கவிழ்கிறாற்போலச் சாயும். முன்கூட்டித் திருப்பினால், ஏப்ரலில் நடந்தது மறுபடி நடக்கும்.

தேவிப்ரியா குனிந்து வின்ச்சைச் சுற்றத் தொடங்கினாள். காற்று நிறைந்த பாய் அங்குலம் அங்குலமாக உள்ளே வந்தது. அவளுடைய இடது தோளில் சட்டைக்கு வெளியே தழும்பு தெரிந்தது. "வந்துருச்சு!" என்று கத்தினாள். சுடர்விழி சுக்கானைத் தள்ளினாள். படகு திரும்பியது. பாயின் ஓரம் துடித்தது. பூம் அசைந்தது. இன்னும் ஒரு கை அளவு தள்ளினால் போதும். அப்போது ஓர் அலை பின்புறத்தைத் தூக்கியது. சுடர்விழியின் கை தானாகச் சுக்கானைத் திரும்ப இழுத்துவிட்டது. படகு பழைய திசைக்கே வந்தது. உள்ளே இழுத்திருந்த பாயில் காற்று பலமாக அறைய, கயிறு தேவிப்ரியாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது.

தேவிப்ரியா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஐயோ, தேவிக்கா! வலிக்குதா? வேணாம்க்கா, பிளெஸ்ஸிக்கா எஞ்சினைப் போடட்டும். உங்களுக்கு மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"வாய மூடு சுடர்."

தேவிப்ரியா அப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை.

"என்னக் காப்பாத்துறேன்னு நெனச்சுக்கிட்டு என் தோளக் கொல்லுறே. உயிரக் குடுத்து இழுத்துக் கொண்டாந்து நிறுத்துறேன், நீ பாதில விட்டுட்டே. இப்ப அம்புட்டையும் மறுபடி இழுக்கணும். நாலு மாசமா எக்சர்சைஸ் பண்ணி, அழுதுக்கிட்டே கையத் தூக்கி, எதுக்கு வந்தேன்? ஒன் பயத்துக்கு என் தோளச் சாக்கு சொல்லாதே."

சுடர்விழி சுக்கானை இறுகப் பிடித்தாள். "நான்தானே ஒடச்சேன்" என்றாள்.

"ஆமா, நீதான் ஒடச்சே." தேவிப்ரியா மூச்சு வாங்கினாள். "நீ மீட்டரப் பாத்தே. நானும் சொல்லாம எந்திரிச்சு நின்னேன். ரெண்டும் நடந்துச்சு. ஒன்ன நம்பாம நான் இந்தப் படகுல ஏறல. இருந்தாலும் பயந்துக்கிட்டுத்தான் ஏறுனேன். பயந்துக்கிட்டேதான் இப்பவும் இழுக்கப் போறேன். நீயும் பயந்துக்கிட்டே திருப்பு. பாதில மட்டும் விடாதே."

கேபின் வாசலில் ஆனந்தராஜின் தலை தெரிந்தது. கையில் ஊசி. அவர் பிளெஸ்ஸியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி தைக்கக் கீழே இறங்கினார்.

"ரெண்டு மைல்" என்றாள் பிளெஸ்ஸி.

சுடர்விழி கால்களை அகட்டி எதிர் இருக்கையில் ஊன்றினாள். மீட்டரின் மேல் தன் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்தாள். இனிப் பார்க்க வேண்டியது பின்னால் வரும் அலைகளையும் பாயின் ஓரத்தையும்தான். காற்று அவளுடைய பிடரியில் எந்தப் பக்கம் படுகிறது என்று உணர்ந்தாள். வலக்காதுக்குப் பின்னால். அது இடக்காதுக்குப் பின்னால் போக வேண்டும். அவ்வளவுதான் காரியம்.

"இழுங்கக்கா."

வின்ச் கடகடத்தது. தேவிப்ரியா இந்தத் தடவை வலது கையாலேயே சுற்றி, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். மூன்று பெரிய அலைகள் வரிசையாக வந்தன. சுடர்விழி மூன்றையும் போகவிட்டாள். நான்காவது சின்னது. அது தூக்கிய பிறகு, படகு முன்னால் வழுக்கி இறங்கி வேகமெடுக்கும்போதுதான் பாயில் காற்றின் அழுத்தம் குறைவு. அங்கேதான் திருப்ப வேண்டும்.

"வந்துருச்சு!" தேவிப்ரியாவின் குரல் கிழிந்தது.

"குனிஞ்சுக்குங்க! திருப்புறேன்!"

படகு அலையின் முதுகில் இறங்கியது. சுடர்விழி சுக்கானைத் தள்ளினாள். பாயின் ஓரம் துடித்தது. கை இழுக்கப் பார்த்தது. அவள் விடவில்லை, இன்னும் தள்ளினாள். காற்று பிடரியின் குறுக்கே நகர்ந்து இடக்காதுக்குப் பின்னால் வந்தது. தலைக்கு மேலே பூம் டமாரென்று மறுபக்கம் போனது. படகு முழுக்க அதிர்ந்தது.

"விடுங்க! விடுங்க! விடுங்க!"

தேவிப்ரியா கயிற்றை விட்டாள். வின்ச்சில் அது சீறிக்கொண்டு ஓடியது. படகு வலப்பக்கம் சாய்ந்து, தண்ணீர் ஓரத்தைத் தொட்டு உள்ளே வழிந்தது. சுடர்விழி எதிர்த்துப் பிடித்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு கொண்டல் நிமிர்ந்து, வடகிழக்கே முகம் வைத்து, எதுவும் நடக்காததுபோல ஓடத் தொடங்கியது.

யாரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. பிளெஸ்ஸி திரையைப் பார்த்து, "ஒண்ணரை. இனி வெலகிப் போவும்" என்றாள். எஞ்சின் பக்கத்திலிருந்து எழுந்து, "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். சுடர்விழி மீட்டரின் மேலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தேவிப்ரியா, "இன்னொரு தடவ பண்ணுவோமா?" என்று கேட்டாள்.

"இப்பவா? தோள் வலிக்கலியா?"

"வலிக்குதுதான். எல்லா ஜைப்பும் இப்படித்தான் இருக்கும்னு ரெண்டு பேரு மனசுலயும் பதிஞ்சுறக் கூடாது. காத்துக் கொறையட்டும், நல்லதா ஒண்ணு பண்ணுவோம்."

வேதாரண்யத்துக்கு நேரே காற்று தணிந்தபோது இரண்டு தடவை செய்தார்கள். முதலாவது கோணலாகப் போனது. இரண்டாவதில் பூம் சத்தமில்லாமல் நகர்ந்து போய் நின்றது. ஆனந்தராஜ் தைத்து முடித்த முன்பாயை இழுத்துக்கொண்டு மேலே வந்தார். "எங்கப்பாவோட வலையக்கூட நான் இவ்வளவு நெருக்கமாத் தச்சதில்ல" என்றார்.

இரவு ஏழு மணிக்கு நாகப்பட்டினத்துக்கு எதிரே திரும்பினார்கள். போனதைவிட வருவது பெரும்பாடாக இருந்தது. மறுபடி தென்மேற்காகிவிட்ட காற்று நேர் எதிரில். இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடி ஓடித்தான் ஒவ்வொரு மைலாக முன்னேற முடிந்தது. சனிக்கிழமை முழுக்க அலை முகத்தில் அறைந்தது. சமைக்க முடியாமல் அவலை நனைத்துச் சாப்பிட்டார்கள். சுடர்விழி ஐந்து தடவை வாந்தியெடுத்தாள். தேவிப்ரியாவின் தோள் வீங்கியது. பிளெஸ்ஸி அதற்குக் கட்டுப் போட்டு அவளைப் படுக்கச் சொன்னாள். இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து வந்து, ஒற்றைக் கையால் செய்யக்கூடியதைச் செய்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஜெகதாப்பட்டினத்துக்கு எதிரே நங்கூரம் விழுந்தது. நாற்பத்தொன்பதே முக்கால் மணி நேரம். எஞ்சின் ஒரு தடவைகூட ஓடவில்லை. பிளெஸ்ஸி படிவத்தை நிரப்பி, நான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். 'சுக்கான்' என்று அச்சிட்டிருந்த கட்டத்துக்கு எதிரே அவளாகவே சுடர்விழியின் பெயரை எழுதியிருந்தாள்.

கரைக்குக் கூட்டிப்போக ஃபைபர் படகு வந்தது. டாக்டரிடம் காட்டத் தேவிப்ரியா புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். சுடர்விழி அவளுடைய பையையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீ எங்கிட்டு வாரே? ஒனக்கு இங்க வேலையில்லையா?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

"உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வாரேன். சாயங்காலம் திரும்பிருவேன். நாளைக்கு நானும் ஆனந்தண்ணனும் ஜைப் பழகப் போறோம். நீங்க டாக்டர் சரின்னதும் வாங்க."

"எத்தன?"

"முப்பது."

"நாப்பது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, தேவிப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஃபைபர் படகில் இறங்கினாள்.